கடித வேலை கெடக்கூடாது

அன்புள்ள ஆலிஸ் கீ அம்மாவுக்கு,

1896-இல் பாரீஸில் உங்கள் முதலாளி, கேமரா நிறுவனம் நடத்திய லியோன் கோமோனிடம் போய், கேமராவில் ஒன்றிரண்டு காட்சிகள் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டீர்கள். சரி என்றார். ஒரே நிபந்தனை, கடித வேலை கெடக்கூடாது. நீங்கள் அவருடைய செயலாளர். அப்பா போன பிறகு சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று வேலைக்கு வந்த பெண்.

அதற்கு முந்தைய வருடம் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் திரையிட்டதை நீங்களும் பார்த்திருந்தீர்கள். தொழிற்சாலை விட்டு ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான் படம். படம் அசைகிறதே என்று ஊரே வியந்து நிற்க, இதில் ஒரு கதை சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. முட்டைக்கோஸுக்கு நடுவிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரும் தேவதையைப் படமாக்கினீர்கள். ஒரு நிமிடம்தான் ஓடும். உலகின் முதல் பெண் இயக்குநர் பிறந்தது அங்கேதான்.

1907 வரை கோமோன் நிறுவனத்தின் படத் தயாரிப்பே உங்கள் பொறுப்பு. 1906-இல் இயேசுவின் வாழ்க்கையை 25 காட்சிகளில், சுமார் 300 துணை நடிகர்களோடு எடுத்தீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது உங்கள் பாட்டுப் படங்கள். பாட்டை முதலில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு, பாடகரை வாயசைக்க வைத்து நூற்றுக்கும் மேல் எடுத்திருக்கிறீர்கள். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் இன்றும் பாட்டுக் காட்சி எடுப்பது இப்படித்தான் அம்மா! ஊமைப்படக் காலத்திலேயே அதைச் செய்துவிட்டீர்கள். 1905-இல் அப்படி ஒரு படப்பிடிப்பையே படம்பிடித்தார்கள். அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. அத்தனை பேருக்கு நடுவே நீங்கள் நின்று வேலை வாங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அமெரிக்கா. 1910-இல் சோலாக்ஸ் என்று சொந்த நிறுவனம், இரண்டே வருடத்தில் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் சொந்த ஸ்டுடியோ. நடிகர்கள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் 'இயல்பாக இருங்கள்' என்று எழுதி மாட்டினீர்கள். கைகளை வீசி வீசி நடித்த காலம் அது.

1922-இல் மணமுறிவோடு, இரண்டு பிள்ளைகளோடு பிரான்ஸ் திரும்பினீர்கள். அதன்பின் ஒரு படம்கூட எடுக்க வாய்க்கவில்லை. உங்கள் படங்களுக்கு மற்றவர்கள் பெயரைப் போட்டார்கள். கோமோன் நிறுவனத்தின் வரலாற்றை எழுதியபோது 1907-க்கு முந்தைய உங்கள் காலமே அதில் இல்லை. முறையிட்டீர்கள். திருத்துகிறேன் என்றார் கோமோன். 1946-இல் இறக்கும்வரை திருத்தவில்லை. அவருடைய கடிதங்கள் கெடாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். உங்கள் ஒரு கடிதத்துக்கு அவரிடம் நேரமில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்களே உட்கார்ந்து, நினைவிலிருந்து உங்கள் படங்களின் பட்டியலை எழுதினீர்கள். 1968-இல், 94 வயதில், நியூ ஜெர்சியில் காலமானீர்கள். சுயசரிதை அச்சானது அதற்கு எட்டு வருடம் கழித்துத்தான்.

நீங்கள் எடுத்தவை ஏறக்குறைய ஆயிரம் படங்கள். இதுவரை கிடைத்தவை சுமார் 150. உலகின் ஆவணக் காப்பகங்களில் பெயரில்லாத சுருள்களைப் பிரித்து இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் அம்மா.

அன்புடன்,
உங்கள் ரசிகை