நின்று பார்க்க ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில் எங்கள் வட்டாரத்தைப் பற்றி வந்திருந்த கட்டுரையை மகிழ்ச்சியோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். "வீராணம் அணையின் கரையில் இறங்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், நின்று பார்க்க வேறொன்றும் இல்லை" என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் இதழை வாங்கி வருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். தவறாகக் கொள்ள வேண்டாம்.

வீராணம் அணை இல்லை, ஏரி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கி, இன்றும் சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் ஏரி அது என்பதும், கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் அதற்கு வந்து சேருகிறது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. நாளிதழைப் பிரித்தால் முதலில் மேட்டூர் நிலவரத்தையும், அடுத்து வீராணத்தின் முழு மட்டமான 47.5 அடிக்கு இன்னும் எத்தனை அடி வேண்டும் என்பதையும் பார்க்கிற கடைமடை விவசாயிகள் நாங்கள். ஏரியா அணையா என்றுகூட விசாரிக்காமல் அதைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கும்போது மனம் நோகிறது.

சென்ற மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகளையும் மருமகனையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குச் சேத்தியாத்தோப்பில் கிளம்பினேன். லால்பேட்டை வரையிலான பதினான்கு கிலோமீட்டர் கரையைக் கடக்க எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பனி விலகும் முன்பே வலையிழுத்து வந்தவர்களிடம் கெண்டை வாங்கினோம். மதகு ஒன்றின் அருகே லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) ஷட்டரை ஏற்றுவதைப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். கரையின் மேற்கே தளும்பும் நீரையும் கிழக்கே பள்ளத்தில் கதிர் வாங்கிய சம்பாவையும் மாறி மாறிப் பார்த்த என் பேத்தி, "தண்ணி மேல இருக்கு, வயல் கீழ இருக்கே தாத்தா" என்றாள். ஏரிப் பாசனம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒன்பது வயதுக் குழந்தையின் கண்ணுக்குப் பட்டது தங்கள் கட்டுரையாளருக்கு ஏன் படவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

காட்டுமன்னார்கோயிலில் பெருமாளைச் சேவித்தோம். ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் அது. பக்கத்திலேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றிய முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மதியத்துக்குப் பின், சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகவே கட்டப்பட்ட மேலக்கடம்பூர்க் கோயிலுக்குப் போனோம். மாலையில் மீண்டும் கரைக்கு வந்து, சூரியன் ஏரிக்குள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் எங்களுக்குப் போதவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தோம்.

அன்று வருந்தவும் நேர்ந்தது. அத்தனை நீளக் கரையில் பெண்கள் ஒதுங்க ஒரு கழிப்பறை கண்ணில் படாமல், என் மகள் முன்பின் அறியாத ஒரு வீட்டின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அந்த வீட்டம்மா கேட்காமலே மோரும் கொடுத்தனுப்பினார். கரையில் காரைக் குறுக்கே நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்த வெளியூர் இளைஞர்கள், நெல் மூட்டை ஏற்றி வந்த டிராக்டருக்கு வழிவிடக் கால் மணி நேரம் ஆக்கினார்கள். அவர்கள் போன பிறகு சரிவில் உடைந்த பாட்டில்கள் கிடந்தன. வெறுங்காலோடு வயலுக்கு இறங்குகிறவர்கள் அந்தச் சரிவில்தான் நடக்கிறார்கள். இறங்கிப் படமெடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று எழுதினால், வருகிறவர்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்?

பழைய வேதனையும் ஒன்று உண்டு. நான் இளைஞனாக இருந்தபோது சென்னைக்கு நீர் கொண்டுபோவதாகச் சொல்லிச் சாலையோரங்களில் இறக்கிய ராட்சதக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்க, அவற்றுக்குள் ஏழைக் குடும்பங்கள் குடியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு 2004இல் புதிய திட்டம் நிறைவேறி, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் எடுக்கும் திறனோடு குழாய்கள் சென்னைக்குச் சென்றன. தவித்த வாய்க்குத் தண்ணீர் தருவதில் எங்களுக்கு வருத்தம் கிடையாது. ஆனால் மேட்டூர் திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளில் எங்கள் நாற்றங்கால் காய்வதைப் பற்றி எழுத யாரும் வருவதில்லை. ஏரி நிரம்பினால் மட்டும் படம் பிடிக்க வருகிறார்கள். தங்கள் அலுவலகத்துக் குழாயிலும் எங்கள் ஏரி நீர் வந்திருக்கக்கூடும் ஐயா.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'அணை' என்பதை 'ஏரி' என்று திருத்தி வெளியிடுங்கள். கோடையில் ஏரி வறண்டு கிடக்கக்கூடும் என்பதால், வருகிறவர்கள் ஐப்பசி முதல் தை வரையில் வருவது நல்லது என்றும், கரைச் சாலையில் வண்டியைக் குறுக்கே நிறுத்த வேண்டாம் என்றும் இரண்டு வரி சேர்த்தால் போதும். கட்டுரையாளர் மீண்டும் வருவதாக இருந்தால் காலையிலேயே வரச் சொல்லுங்கள். நான் உடன் வருகிறேன்.

இங்ஙனம்,
வீராணம் ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
காட்டுமன்னார்கோயில் வட்டம்.