சுறாவைவிட நீரோட்டமே அஞ்சத்தக்கது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாடுகளில் சுறா கடித்த செய்தி வந்தால் கசூரினா கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தயங்கும் பெற்றோர், வாடைக்காற்றுக் காலத்தில் அதே பிள்ளைகள் பருத்தித்துறைக் கடலில் இறங்குவதைப் பொருட்படுத்துவதில்லை. உலகெங்கும் ஆண்டொன்றில் சுறாக்களால் இறப்போர் 10 பேர் அளவிலேயே இருக்க, 2021இல் ஆறு, குளம், கடல் யாவற்றிலும் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. (நம் வீடுகளில் வறையாகும் சுறாக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், நம்மைக் கண்டு சுறாவே அஞ்ச வேண்டும்.) கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்குவோர் அதை எதிர்த்து நீந்திக் களைத்தே பெரும்பாலும் மூழ்குகின்றனர், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும் என்பதைக் கடற்கரைப் பலகைகளில் எழுதி வைக்குமாறு உரிய சபைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடமராட்சி வாசகர்