வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுக்காதே

அன்பு செல்விக்கு,

அயனாவரத்திலிருந்து அம்மா. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மாவுக்கட்டோடு நீ அனுப்பிய படத்தைத் தம்பி காட்டினான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாயாம்! நானும் மனநல வார்டில் வேலை பார்த்தவள்தானே. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ராத்திரி, இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டே ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடப் பார்ப்பவரைப் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? நைட் டூட்டியில் அப்படி ஒரு நோயாளியைத் தடுக்கப் போய்த்தான் உன் மணிக்கட்டில் அடிபட்டது என்று உன் தோழி எல்லாம் சொல்லிவிட்டாள்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. தெளிந்த பிறகு அவருக்கு எதுவும் நினைவிருக்காது. ஒரு சிஸ்டரையும் ஒரு அட்டெண்டரையும் வைத்து நைட் டூட்டியை ஓட்டுகிறார்களே, கோபம் அவர்கள் மேல்தான். கை கால்களுக்கு ஆளுக்கு ஒருவர், தலைமாட்டில் பேச்சுக் கொடுக்க ஒருவர் என்று ஐந்து பேராவது வேண்டாமா? ஆள் குறைந்தால் நெஞ்சின் மேல் அழுத்திப் பிடிக்கத் தோன்றும். நோயாளிக்கு மூச்சே நின்றுவிடலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி யாரையும் கட்டிப்போடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 97ஆவது பிரிவே சொல்கிறது. உன் மேலதிகாரியிடம் இதைக் கேட்டுப் பார், முகம் எப்படிப் போகிறதென்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரூமில் விழுந்ததாக எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார்களாமே. யாருக்கு நல்லது? உன் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். சாதாரண உடம்புக்கு முடியாத லீவு என்றால் சம்பளத்தில் 70 சதவீதம்தான் வரும். வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம். நாளைக்கு அந்த மணிக்கட்டு சரியாக மடங்காமல் போனால், நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையும் இதை வைத்துத்தான். விபத்துப் புத்தகத்தில் தேதி, நேரம், வார்டு, பக்கத்தில் இருந்த அட்டெண்டர் பேர் எல்லாம் ஏற வேண்டும். "பணியின்போது நோயாளியைத் தடுக்கையில்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், பல் எங்காவது பட்டதா? தோல் கிழிந்திருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயா என்று பழைய கார்டைப் பார். இனி டூட்டிக்குப் போனால் கழுத்தில் ஐடி கார்டு நாடா வேண்டாம், பாக்கெட்டில் பேனாவும் வேண்டாம்.

அவர்கள் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.

அம்மா