தார் போடும் முன் அடியில் ஒரு தடவை பாருங்கள்

மதுரையில் சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை வேலை பார்க்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் போர் போடப் பாயிண்ட் பார்ப்பது என் தொழில். நான்கு கம்பியை வரிசையாக அடித்து, அடியில் உப்புத்தண்ணீர் ஊற்றி, வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் பார்ப்போம். தண்ணீர் தேடும் இதே வழியில் ரோட்டுக்கு அடியில் இருக்கும் பொந்தும் தேடலாம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் சந்தில் தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ரோட்டுக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. குனிந்து பார்த்தேன். தாருக்குக் கீழே ஒரு சாண் ஜல்லி, அதற்குக் கீழே வெறும் இருட்டு. ஓரத்தில் வளைந்து இறங்கும் செங்கல் கட்டு. பழைய கிணறு. எப்போதோ குப்பையும் இடிபாடும் கொட்டி மூடியிருக்கிறார்கள். அது மக்கி அமுங்கியிருக்கிறது. "அது எங்க மாமனார் வெட்டுன கெணறுப்பா" என்றார் எதிர்வீட்டு அப்பத்தா. அதுவரை அவரிடம் யாருமே கேட்கவில்லை.

கிணறு மட்டுமில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளிவீதிகள் உண்டாயின. நிரப்பிய மண்ணில் குழாய் கசிந்தால், தண்ணீர் மண்ணை அரித்து உடைந்த சாக்கடைக்குள் கொண்டுபோய்விடும். மேலே தார் மட்டும் கூரை மாதிரி நிற்கும்.

தார் ரோட்டில் கம்பி அடிப்பது கஷ்டம். அங்கே மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பார்க்கும் ராடார் வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம். கீழடியில் குழி போடும் முன் ராடார் வைத்துப் பார்த்தார்களே, அதேதான். ஆனால் ஈரக் களிமண்ணில் ராடார் ஒரு மீட்டர் தாண்டுவதே பாடு. அதனால் மண் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் பாருங்கள். கம்பி அடித்து மண்ணின் மின்தடையைப் பார்க்கும் முறையிலும் ஏமாற இடமுண்டு: வெற்றுப் பொந்து என்றால் மின்தடை ஏறும், சாக்கடைத் தண்ணீர் நிறைந்திருந்தால் இறங்கும், பாறை இருந்தாலும் ஏறும். ஆகவே இரண்டு முறையிலும் பார்த்து, சந்தேகப்படும் இடத்தில் சின்னதாகத் துளை போட்டு உறுதி செய்யுங்கள்.

சித்திரைத் தேர் ஓடும் மாசி வீதிகளில் முதலில் தொடங்குங்கள். அப்புறம், கருவியை இறக்கும் முன் தெருவில் வயசானவர்களிடம் கிணறு எங்கே இருந்தது என்று கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன், கூலி வேண்டாம். எங்கள் சந்தில் மட்டும் இதுவரை ஏழு கிணறு குறித்து வைத்திருக்கிறேன்.