மேட்டுக்காட்டுக் கற்குவை: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

மலையில் உள்ள உறவுகளுக்கும் சேலத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

பழங்காலத்தில் செத்தவர்களைப் புதைத்து மேலே கல் குவித்த நம் மேட்டுக்காட்டுக் கற்குவையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க, 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டப்படி முதல் அறிவிக்கை வந்துவிட்டது. ஆட்சேபணைக் காலம் முடிந்து இறுதி ஆணை வரவேண்டும். அதுவரை பொறுக்காமல் இப்போதே நன்றி சொல்கிறேன். ஆணை வந்த பிறகு மாலையும் மேடையும் வேறு ஆட்களுக்குப் போய்விடும்!

முதல் நன்றி டிராக்டர் அண்ணனுக்கு. ரோட்டு வேலைக்குக் கல் ஏற்ற வந்தவர், "இது பாண்டவர் குழி, நான் கை வைக்க மாட்டேன்" என்று காலி வண்டியோடு இறங்கிப் போனார். இந்த மாதிரிப் பழைய கல்லறைகளுக்கு ஊர்வழக்கில் பாண்டவர் குழி என்றுதான் பேர். அன்றைய வாடகை போச்சு. நாங்கள் மனு எழுத உட்கார்ந்ததே அதற்குப் பிறகுதான்.

அது பட்டா நிலம். சின்னமாகிவிட்டால் அரசு அனுமதி இல்லாமல் அங்கே தோண்டவோ கட்டவோ முடியாது என்று தெரிந்தேதான் காப்பித் தோட்டத்துப் பெரியப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டார். ஏற்காட்டுப் பக்கம் நிலம் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மழையில் குடை பிடித்துக்கொண்டே அளந்த தொல்லியல் துறை ஐயாவை மறக்க முடியாது. சுற்றிலும் உருண்டைப் பாறைகள், நடுவே குவித்த கற்கள், அடியில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பதுக்கை என்று சின்னப் பிள்ளைகளுக்கும் புரிய விளக்கினார். செத்தவரின் எலும்பு, கருப்பு சிவப்புப் பானை, இரும்புக் கருவி, இவைதான் பொதுவாக இதற்குள் இருக்குமாம். புதையல் ஆசையில் ராத்திரி கடப்பாரையோடு வந்து ஒரு பக்கத்தைக் கலைத்தவர்கள் இதைப் படித்தால் நல்லது. மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டில் ஈமச்சின்னத்தில் கிடைத்த இரும்பு வாள் 3,400 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று 2025-இல் அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் குவையின் வயது தோண்டினால்தான் தெரியும். இப்போதைக்குத் தோண்டாமல் கிடப்பதே மேல் என்பது என் கட்சி.

படம் எடுத்துக் கொடுத்த சேலத்துத் தம்பி, புல எண்ணைத் தேடித் தந்த கிராம நிர்வாக அலுவலர், மனுவைத் திருத்திய டீச்சரக்கா, எல்லாருக்கும் நன்றி.

இன்னும் ஓர் உதவி வேண்டும். முன்னே வேலிக்கும் திண்ணைக்கும் இங்கிருந்து கல் எடுத்துப் போனவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து போட வேண்டாம். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று மட்டும் காட்டுங்கள், வரைபடத்தில் குறித்துக்கொள்கிறோம். கேஸ் கீஸ் வராது, கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மனு எழுதிய கூட்டத்தின் சார்பில்,
சேர்வராயன் மலை