சுங்கை சிப்புட் மக்களுக்கு ஒரு வரலாற்று ஆசிரியையின் நன்றி மடல்

சுங்கை சிப்புட் வட்டாரப் பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இவ்வாண்டு வரலாற்றைப் பாடநூலோடு நிறுத்திக்கொள்ளாமல், தாங்கள் பிறந்து வளரும் இந்த ஊரின் ரப்பர்த் தோட்டங்களிலும் கோயில்களிலும் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயங்களிலும் தேடிப் படித்தார்கள். வீட்டுக் கதவையும் பழைய பெட்டிகளையும் அவர்களுக்காகத் திறந்துவிட்டதோடு, பிள்ளைகள் கேட்ட கேள்வி எதையும் அதிகப்பிரசங்கம் என்று ஒதுக்காமல் பதில் சொன்ன உங்கள் அனைவருக்கும் நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாட்டு வரலாற்றில் நம் ஊரின் பெயர் தவறாமல் இடம்பெறும் நாள் ஒன்று உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் ஆகிய இருவரும் என மூன்று பிரிட்டிஷ் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள்களுக்குள் அவசரகாலம், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயா முழுவதற்கும் அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. இதை எங்கள் மாணவர்கள் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். ஆனால், அந்தத் தோட்டங்களில் அன்று பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் எதைக் கண்டார்கள், அதன்பின் அவர்களுடைய வாழ்க்கை என்னவாயிற்று என்று ஒரு மாணவி கேட்டபோது, பாடநூலில் அதற்குப் பதில் இல்லை. பதில் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் மாணவர்களை உங்களிடம் அழைத்து வந்தேன்.

எண்பது வயதைக் கடந்த பாட்டிமார்களுக்கு முதல் நன்றி. காட்டிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையினருக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதற்காக, 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் காலத்தில் தோட்ட லயங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டதை நாங்கள் வகுப்பில் படித்திருந்தோம். வேலைக்காட்டுக்குப் புறப்பட்ட தாயின் தூக்குச்சட்டியைக் கேட்டில் நின்ற காவலர் திறந்து பார்த்ததையும், அம்மா பசியோடு வேலை செய்த நாள்களையும் நீங்கள் சொன்ன பிறகுதான், அந்தத் திட்டம் யாருடைய வயிற்றின்மேல் நடந்தது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. சில நினைவுகள் உங்களுக்கு வலி தந்தன என்பதை அறிவேன். அப்படியிருந்தும் நீங்கள் பேச்சை நிறுத்தவில்லை.

ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கரான கிராணி ஐயாவுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ‘நான் கண்டது வேறு, நான் கேள்விப்பட்டது வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், தம்பி’ என்று அவர் மாணவர்களிடம் சொன்னார். ஆய்வு முறையைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த பாடத்திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. அன்று முதல் மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரில், சொன்னவர் யார், அவர் அங்கே இருந்தாரா, எப்போது சொன்னார் என்று எழுதத் தொடங்கினார்கள். அந்த மூன்று கொலைகளுக்கும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியே பொறுப்பு என்று பிரிட்டிஷ் அரசு கூறியது. தலைமை அதற்கு உத்தரவிடவில்லை என்று அக்கட்சியின் தலைவர் சின் பெங் பல ஆண்டுகளுக்குப் பிறகு கூறினார். இவ்விரண்டையும் அருகருகே எழுதிவைத்து, இப்படிச் சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விவாதித்ததைக் கண்டு மகிழ்ந்தேன். இத்தகைய கேள்விகள் இந்த வயதுக்கு மிஞ்சியவை என்று கருதுவோர் உண்டு. நான் அக்கருத்தை ஏற்கவில்லை.

தோட்டக் கோயில் நிர்வாகத்தினரின் பெருந்தன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோயில் பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டைவிட முந்தைய ஆண்டு மணியில் பொறிக்கப்பட்டிருப்பதை மாணவன் ஒருவன் கண்டுபிடித்து, எது சரி என்று கேட்டான். தலைவர் முகம் சுளிக்கவில்லை. பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்து வந்து மண்டபத்தில் பரப்பினார். மணி வேறொரு கோயிலிலிருந்து வந்திருக்கக்கூடும், ஆகவே மணியின் ஆண்டை மட்டும் கொண்டு கோயிலின் வயதை முடிவுசெய்ய இயலாது என்ற நிலைக்கு மாணவர்களே வந்து சேர்ந்தார்கள். பலகையை மாற்றுவதா வேண்டாமா என்று நிர்வாகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

கோலகங்சாருக்குப் பேருந்து ஏற்பாடு செய்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் நன்றி. 1877இல் அங்கே நடப்பட்ட கன்றுகளுள் எஞ்சி நிற்பதாகக் கூறப்படும் ரப்பர் மரத்தை மாணவர்கள் நேரில் பார்த்தார்கள். கன்றுகளை வளர்த்த பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, பால் எடுத்தவர்களின் பெயர் ஏன் இல்லை என்ற கேள்வியோடு அவர்கள் திரும்பினார்கள்.

அக்கேள்விக்கு ஒரு பகுதி விடையாக அமைந்தவை, சில குடும்பங்கள் இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், இம்மண்ணில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் அச்சங்கம் உருவானது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. தலைவரின் பெயரைப் படித்திருந்த மாணவர்கள், தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரும் அந்த வரலாற்றின் ஆவணம் ஒன்றில் இருப்பதை அப்போதுதான் கண்டார்கள். கைநாட்டு வைத்திருந்த பத்திரத்தை ஒரு மாணவி நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

தோட்டத்துக்குள் நுழைய அனுமதி தந்த நிர்வாகத்தினருக்கும், பாட அட்டவணையை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்த தலைமையாசிரியருக்கும், ஒலிப்பதிவுக்குக் கைப்பேசிகளைத் தந்துதவிய முன்னாள் மாணவர்களுக்கும், வெயிலில் வந்த பிள்ளைகளுக்குத் தேநீரும் பலகாரமும் தந்த அக்காமார்களுக்கும் என் நன்றி.

பதிவுசெய்த பேச்சுகளின் எழுத்துப்படிகளை உரியவர்களின் வீட்டுக்கே கொண்டுவந்து வாசித்துக் காட்டுவோம். உங்கள் ஒப்புதல் பெற்ற பகுதிகள் மட்டுமே பள்ளி நூலகத்தில் வைக்கப்படும். திருத்த வேண்டியது இருந்தாலும், நீக்க வேண்டியது இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா அட்டை போன்றவை வீட்டில் இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு மாணவர்கள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் வட்டாரத்தாரைப் பற்றித் தேட விரும்புகிறார்கள். அவர்களின் பிள்ளைகளோ பேரர்களோ இங்கே இருந்தால், பள்ளி அலுவலகத்தில் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
வரலாற்றுப் பாட ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்