ஐந்தாவது பெட்டியைப் பிரிக்கும் முன்

அன்புள்ள நண்பருக்கு,

பழைய சீசன்களை வீரர் அட்டைகளும் பகடையும் கணினியும் வைத்து வீட்டிலேயே ஆட்டம் ஆட்டமாக மறுபடி ஆடிப் பார்க்கிறவர் நீங்கள். 1927 பேஸ்பால் மேசை மேல். 1966-67 ஐஸ் ஹாக்கி அலமாரியில். 1972 அமெரிக்கக் கால்பந்து ஏழாவது வாரத்தோடு நிற்கிறது. 1994 பேஸ்பால் கணினியில் ஓடுகிறது. இந்த லட்சணத்தில் 1941 பேஸ்பால் அட்டைகளையும் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள், உறையை மட்டும் பிரிக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். திறந்து கிடக்கிற நாலையும் முதலில் ஒரு வழிக்குக் கொண்டுவரலாம்.

நாலில் எது எவ்வளவு பெரிசு என்று எப்போதாவது கணக்குப் போட்டீர்களா? 1927-ல் 16 அணிகள், அணிக்கு 154 ஆட்டம், ஆக மொத்தம் 1,232. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் என்றால் 616 மணி. நாளுக்கு ஒன்று உருட்டினால் மூன்று வருஷம் நாலரை மாதம். ஹாக்கியில் ஆறே அணிகள், ஆளுக்கு 70 ஆட்டம், மொத்தம் 210. ஏழு மாதத்தில் முடிந்துவிடும். 1972 கால்பந்தில் 182 ஆட்டம்தான், பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றே கால் மணி விழுங்கினால் 227 மணிக்கு மேல் போகும். 1994 அட்டவணையில் 2,268 ஆட்டம் இருந்தும் கணினியைத் தானாக ஓடவிட்டால் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். அங்கே வேலை முழுக்க அமைப்புகளில்தான்.

ஆக, இளைக்க வேண்டியது 1927. அதற்கு நல்ல வழி இருக்கிறது: அந்த 16 அணிகளும் எட்டெட்டாக அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக், அதில் அமெரிக்கன் லீக்கை மட்டும் ஆடுங்கள். வழக்கமான சீசனில் இரண்டு லீக்குகளும் ஒன்றோடொன்று மோதியது 1997-லிருந்துதான். 1927-ல் எட்டு அணிகளும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டன. அதனால் நேஷனல் லீக்கை எடுத்துவிட்டாலும் இந்தப் பக்கம் ஒரு எண்கூட மாறாது, ஆட்டம் 616 ஆகக் குறையும். அந்த லீக்கின் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டங்களை மட்டும் ஆடுவது இன்னும் சுருக்கம்தான், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. எதிரணி ஏழும் பந்து வீசத் தங்கள் முதல்தரப் பிட்சரையே உங்கள் எதிரில் நிறுத்திக்கொண்டிருக்கும், அவர்கள் இடையில் வேறு யாரோடு ஆடினார்கள் என்ற கணக்கே உங்களிடம் இல்லாததால். அந்த வழியில் போவதானால் பழைய பேஸ்பால் ஆட்டங்களின் பதிவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ரெட்ரோஷீட் தளத்தின் தரவிலிருந்து அன்றைக்கு உண்மையில் தொடங்கிய பிட்சர் யார் என்று பார்த்து அவரையே போடுங்கள்.

அடுத்தது, ஒரே இரவில் இரண்டு பகடை விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம். ஆப்பா, ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் இரண்டும் அட்டை-பகடை விளையாட்டுகள்தான், ஆனால் படிக்கும் முறை வேறு. ஆப்பாவில் பெரிய பகடை பத்தாம் இடம், சின்னது ஒன்றாம் இடம். 5-ம் 2-ம் விழுந்தால் 52. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் தனிப் பகடை, மட்டை பிடிக்கும் பேட்டரின் அட்டையைப் பார்ப்பதா பிட்சர் அட்டையைப் பார்ப்பதா என்று சொல்லும், மற்ற இரண்டையும் கூட்ட வேண்டும். அதே 5-ம் 2-ம் அங்கே 7. அரைத் தூக்கத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் நாலைந்து உருட்டல் தப்பாகப் படிக்கப்பட்டிருக்கும், மறுநாள் தெரியவும் தெரியாது.

மாற்றி மாற்றி ஆடத்தான் வேண்டும் என்றால் கட்டுக் கட்டாக ஆடுங்கள். ஆறு அணி ஹாக்கி இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆறு அணிக்குள் 15 ஜோடிகள். ஒரு சுற்றில் 15 ஆட்டம் ஆடினால் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை மோதியாயிற்று, எல்லா அணியும் ஐந்து ஆட்டம் முடித்து சமமாக நிற்கும். இப்படி 14 சுற்று ஆடினால் சீசன் முடிந்தது. உண்மையான அட்டவணைப்படிதான் ஆடுவேன் என்றால் இந்தச் சமன் கிடைக்காது, ஒவ்வொரு வாரக் கடைசியிலும் நிறுத்துங்கள். 1927-க்கு மாதக் கடைசி. மே 31 வரை பேஸ்பால், பிறகு ஒரு சுற்று ஹாக்கி, மறுபடி ஜூன். கால்பந்துக்கு வாரம் என்பதே இயற்கையான நிறுத்தம். வாரத்தின் நடுவில், பாதி அணி ஆடி முடித்து பாதி ஆடாத நிலையில் நிறுத்திய சீசன்தான் அலமாரியில் செத்துப்போகிறது.

நிறுத்தும்போது சீசனுக்கு ஒரு குறிப்பு அட்டை எழுதி மேலே வையுங்கள். கடைசியாக ஆடிய தேதி, அடுத்த ஆட்டம் எது, ஒவ்வொரு அணிக்கும் அடுத்துத் தொடங்கப் போகிற பிட்சர் யார், அவருக்கு எத்தனை நாள் ஓய்வு ஆகியிருக்கிறது, யார் காயத்தில், எதுவரை. நீங்களாக முடிவு செய்த வீட்டு விதிகளையும் அதிலேயே எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து அதில் ஒன்றுகூட நினைவில் இருக்காது. உங்கள் 1972-யே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரத்தில் மயாமி அணியின் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துகிறவர்) பாப் கிரீசியின் கால் முறிந்து ஏர்ல் மோரால் உள்ளே வந்தார். உண்மையான காயங்களைப் பின்பற்றுகிறீர்கள் என்றால் ஏழாவது வாரத்தில் மயாமியை நடத்துகிறவர் மோரால். குறிப்பு அட்டையில் அது இல்லாவிட்டால் எட்டாவது வாரத்தில் கை தன்னால் கிரீசியை எடுக்கும்.

இனி நோட்டு. பல சீசன்களை ஒன்றாக வைத்திருப்பவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆட்டம் அலுப்பதில்லை. பதியாத ஸ்கோர்ஷீட் இருபது சேர்ந்ததும் மேசைப் பக்கம் போகவே மனசு வராது. அதனால் ஒரு ஷீட்டை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றாமல் அடுத்த ஆட்டத்தின் பகடையைத் தொடாதீர்கள். பேஸ்பால் ஷீட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை உண்டு, அதை விடவே கூடாது. மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு கதியைத்தான் அடைந்தாக வேண்டும்: ரன் எடுத்தார், பேஸிலேயே நின்றுபோனார், அவுட் ஆனார். ஆக அட்-பேட் (பின்வரும் நாலும் சேராத மட்டை முறை), வாக் (நாலு தப்புப் பந்துக்குக் கிடைத்த இலவச பேஸ்), பந்து பட்டு பேஸுக்குப் போனது, தியாக பன்ட், தியாக ஃப்ளை (தான் அவுட் ஆகி சக ஓட்டக்காரரை முன்னேற்றிய இரண்டு வகை அடி) ஐந்தையும் கூட்டினால், ரன்னும் பேஸில் நின்றவர்களும் அவுட்டுகளும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். 34 அட்-பேட், 3 வாக், 1 பன்ட் என்றால் 38. எதிரே 4 ரன், 7 பேர் நின்றது, 27 அவுட், அதுவும் 38. சரி.

38-க்கு எதிரே 37 வந்தால் கணக்கு உதைக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, வாக் ஒன்றை அட்-பேட்டாகவும் சேர்த்து எண்ணினீர்களா என்று. அடுத்தது டபுள் ப்ளே. அங்கே அவுட் இரண்டு, நீங்கள் ஒன்று போட்டிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் பேஸில் நின்றவர்களை மறுபடி எண்ணுங்கள். கடைசி பாதி இன்னிங்ஸ் ஆடாமலே ஜெயித்த உள்ளூர் அணிக்கு அவுட் 24, 27 அல்ல, இதில் தடுமாறாதவர் குறைவு. ஷீட் கையில் சூடாக இருக்கும்போது இதைத் திருத்த ஒரு நிமிடம் போதும். பத்து ஆட்டம் தள்ளிப் போய்விட்டால் எந்த ஆட்டத்தில் உதைத்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

ஹாக்கிக்கு இன்னும் சுலபம். ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி, யார் ஜெயித்தாலும் சமன் ஆனாலும். 60 ஆட்டம் முடிந்திருந்தால் ஆறு அணியின் புள்ளிகளும் சேர்ந்து சரியாக 120 வர வேண்டும்.

புள்ளி என்றதும் விதிகள் நினைவுக்கு வருகின்றன. நாலு சீசன் என்றால் நாலு காலம், பழக்கதோஷத்தில் ஒன்றின் விதி இன்னொன்றுக்குள் நுழைந்துவிடும். 1966-67 ஹாக்கியில் வழக்கமான சீசனில் கூடுதல் நேரம் கிடையாது, அது 1983-84-ல்தான் திரும்பி வந்தது. சமன் என்றால் சமன். 1972 கால்பந்திலும் வழக்கமான சீசனுக்குக் கூடுதல் நேரம் வந்தது 1974-லிருந்துதான். ஆனால் சமன் ஆன ஆட்டத்தை அரை வெற்றி, அரைத் தோல்வியாகச் சேர்ப்பது அந்த 1972-லேயே தொடங்கியது. அதற்கு முன் சதவீதத்தில் சேர்க்கவே மாட்டார்கள். 1927-ல் விளக்கு கிடையாது, இருட்டினால் சமனாக நிறுத்திப் பிறகு முழுசாக மறுபடி ஆடுவார்கள், நிறுத்திய ஆட்டத்தின் புள்ளிவிவரங்களும் கணக்கில் சேரும். யாங்கீஸ் 110 வெற்றி 44 தோல்வி என்கிறார்கள், ஆனால் ஆடியது 155. உங்கள் அட்டவணையில் ஒரு ஆட்டம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துத் தப்பென்று அடித்துவிடாதீர்கள்.

பிட்சர்களைப் பயன்படுத்துவதில் 1927 இன்னும் வம்பு பிடித்தது. யாங்கீஸின் வில்சி மூர் அந்த வருஷம் 19 வெற்றி, 7 தோல்வி, 213 இன்னிங்ஸ். எண்ணைப் பார்த்ததும் எவரும் அவரை வரிசையில் தொடங்குகிறவராகப் போட்டுவிடுவார்கள். ஆனால் அவர் வந்த 50 ஆட்டங்களில் தொடங்கியது 12 மட்டுமே, மீதி எல்லாம் நடுவில் வந்து தாங்கியது. அவரை ஐந்து நாளுக்கொருமுறை தொடங்கவைத்தால் இரண்டு தப்பு ஒன்றாக நடக்கும்: மற்ற தொடக்கக்காரர்களின் இன்னிங்ஸ் குறையும், ஏழாவது இன்னிங்ஸில் இறக்க ஆள் இருக்காது. ஒவ்வொரு பிட்சர் பெயருக்கு எதிரேயும் இரண்டு உச்சவரம்பு எழுதுங்கள், மொத்த இன்னிங்ஸுக்கு ஒன்று, தொடக்கத்துக்கு ஒன்று. பேட்டர்களுக்கும் அப்படியே. 90 முறை மட்டை பிடித்து .370 சராசரியில் அடித்த ஒரு மாற்று ஆளை 400 முறை அனுப்பினால் லீக் முழுக்க வீங்கிவிடும்.

1994-ல் இந்த உச்சவரம்பு வேறு மாதிரி. வேலைநிறுத்தத்தால் ஆகஸ்ட் 11-க்குப் பிறகு ஆட்டமே இல்லை. மான்ட்ரியால் எக்ஸ்போஸ் 74-40 என்று நின்றது. நீங்கள் 162-ம் ஆட வைப்பதால் அந்த அணியில் 400 முறை மட்டை பிடித்தவருக்கு 400 என்றே வைத்தால் ஆகஸ்டிலேயே தீர்ந்துபோவார். 114 ஆட்டத்தை 162 ஆக விரித்து 568 என்று வையுங்கள். ஆகஸ்ட் 12 முதல் உண்மையான லைன்அப் கிடையாது என்பதால் அன்றிலிருந்து மேலாளர் வேலை கணினியுடையதா உங்களுடையதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வீரர்கள் வளர்வதும் வயதாவதும் மென்பொருளில் அணைந்திருக்க வேண்டும். சீசன் நடுவில் புதுப் பதிப்புக்கு மாறவே மாறாதீர்கள். ஆட்ட இயந்திரத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் ஏப்ரலும் ஆகஸ்டும் இரண்டு வேறு உலகமாகிவிடும். மாதா மாதம் தேதி போட்ட தனி நகல் ஒன்று, அதுவும் வேறு இடத்தில்.

1927-ல் யாங்கீஸின் பேப் ரூத் நிஜத்தில் அடித்த 60 ஹோம் ரன்னை உங்கள் மேசையில் அடிக்கவில்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். 691 முறை மட்டை பிடிக்க வந்து 60 அடித்தவரின் அட்டையில் பகடையின் இயல்பான ஊசலாட்டம் மட்டுமே ஏழுக்கு மேல். அதைப் போல் இரண்டு பங்கு விலகலை அனுமதித்தால் 45-லிருந்து 75 வரை எது வந்தாலும் அட்டை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. யாங்கீஸின் 110 வெற்றிக்கும் இப்படித்தான், 99 வந்தாலும் பதறாதீர்கள். பதற வேண்டியது லீக் சராசரி நழுவும்போது. அங்கே ஆயிரக்கணக்கான உருட்டல்கள் இருப்பதால் தற்செயல் அவ்வளவு தூரம் இழுக்காது, விதியையோ பயன்பாட்டையோ எங்கேயோ தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் 1941 வருகிறது. ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அது அட்டையில் இல்லை. அட்டையில் இருப்பது வருஷத்தின் மொத்தம். மே 15-லிருந்து ஜூலை 16 வரை எந்த நாளில் எந்த ஹிட் விழுந்தது என்ற வரிசை அதில் எங்கேயும் பதிவாகவில்லை. டெட் வில்லியம்ஸின் அந்த வருஷத்து .406 சராசரி உங்கள் மேசையில் .380 ஆகலாம், .430-ம் ஆகலாம். டிமாஜியோ தொடர்ந்து 20 ஆட்டம் போனாலே கொண்டாடுங்கள். அதற்காகவே ஆடுவதென்றால் சரி, அந்த லீக்கும் தனியாக 616 ஆட்டம்தான். ஆனால் 1927-ன் செப்டம்பர் முடிந்த பிறகு.

இந்த வாரம் முதல் வேலையாக 1972-ன் ஏழு வார ஷீட்டுகளையும் ஏற்றி, வெற்றிகளின் கூட்டுத்தொகையும் தோல்விகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குறிப்பு அட்டையில் மோரால் பெயரை எழுதி, பெட்டியை மூடி, அலமாரியில் ஹாக்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். வராவிட்டால் எந்த வாரத்தில் உதைக்கிறது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.